அகழி வீட்டின் ஐந்தாவது யன்னல்

மச்சான்,

ரெசின் டின்னை இன்று காலையில்தான் திறந்தேன். மூடியை நெம்பியதும் அந்த நெடி எழும்பி மூக்கில் அடித்தது. உனக்கு அது பிடிக்கும். புது பஸ்ஸுக்குள் ஏறினமாதிரி இருக்கிறது என்று சொல்லி, டின்னுக்கு மேலே குனிந்து ஒருமுறை இழுப்பாய், நான் ஏசுவேன். இன்றைக்கு ஏசுவதற்கு ஆளில்லை. என் மனைவிதான் மேலேயிருந்து இறங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பேஸ்மென்டின் இரண்டு சின்ன யன்னல்களையும் திறந்தாள். மார்ச் மாதக் குளிரை எனக்குத் துணைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மேசையில் உன் வீடு இருக்கிறது, நாங்கள் செய்த சின்ன மாதிரி வீடு. கூரை முடிந்துவிட்டது. புகைக்கூண்டுகள் ஒன்பதும் நிற்கின்றன. உள்முற்றத்துக்குக் கல் பதித்தாயிற்று. வீட்டைச் சுற்றியிருக்கும் அகழி மட்டும் வறண்டு கிடக்கிறது. தண்ணீரைக் கடைசியாகத்தான் ஊற்றவேண்டும் என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். தண்ணீராக ஊற்றுகிற ரெசின் ஒரு நாளில் இறுகிக் கண்ணாடி போல நின்றுவிடும். அதற்குப் பிறகு சுவரைக் கழற்ற முடியாது, கத்தி வைக்கவும் முடியாது. அதனால்தான் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊற்றாமல், உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் மனைவி பவானி போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் தர்சினியோடு வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போகிறாளாம். மார்க்கம் நகரத்தில் மகளின் வீட்டு முன்னறையில் அதற்கென்று ஒரு மேசை வாங்கிப் போட்டாயிற்றாம். எல்லாம் சொல்லிவிட்டு, "அண்ணை, இவர் இருந்த அறையை எனக்கு ஒருக்காக் காட்டித் தாங்கோ" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். உன் அறைக்கு யன்னல் வைப்பதா, விடுவதா என்று நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை, மச்சான். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் முதன்முதல் சந்தித்ததே ஒரு பொய்க்கு முன்னால்தான். ஷெப்பர்ட் வீதியில் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் விற்கும் இடம். கட்டடம் எழும்ப இன்னும் மூன்று வருடம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் மாதிரி மட்டும் மின்விளக்குப் போட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மரம் சரிந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சாமணத்தால் மரத்தை நிமிர்த்திக்கொண்டிருக்க, நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாய். தர்சினி அந்தப் பக்கம் விற்கிற பெண்ணோடு கார் விடும் இடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை தமிழோ? உந்த மரங்கள் உண்மையா வருமோ?" என்று கேட்டாய்.

"வரும். ஆனால் இந்த உயரத்துக்கு வர இருவது வரியம் செல்லும்" என்றேன். விற்கிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது என் நல்ல காலம். நீ சிரித்த சிரிப்பில் தர்சினி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அங்கே வீடு வாங்கவில்லை. நீயும் நானும் எதிரே இருந்த கோப்பிக் கடைக்குப் போனோம். நீ என்னைவிட மூன்று மாதம் மூத்தவன் என்று தெரிந்ததும், அண்ணை போய் மச்சான் வந்துவிட்டது.

அந்தக் கோப்பிக் கடையில்தான் என்னுடைய குளத்துக் கதையையும் உனக்குச் சொன்னேன். இருபத்தாறு வருடம் கட்டட மாதிரிகள் செய்வதுதான் என் வேலை. இல்லாத கட்டடத்தை இருப்பதுபோலச் செய்து, சனத்தை ஆசைப்பட வைப்பது. ஒருமுறை ஒரு கட்டடத்துக்குப் பக்கத்தில் பழைய கார் உடைக்கிற முற்றம் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு குளம் வை என்றார்கள். வைத்தேன். இரண்டு வாத்தும் விட்டேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில், எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த மாதிரியைப் பார்த்து வீடு வாங்கினவளாம். பலர் பார்க்க, "அண்ணை, நீங்கள் வைச்ச குளத்தை எங்க காணேல்லை?" என்று கேட்டாள். சோற்றுப் பிளேட்டோடு நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் காது சுடும். அன்றையோடு ஒரு முடிவு எடுத்தேன். சம்பளத்துக்குச் செய்வது எப்படியோ போகட்டும், எனக்கென்று ஒன்று செய்தால் அதில் இல்லாததை வைக்கமாட்டேன். நீ கோப்பியை ஊதிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, "வாத்து என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டாய்.

நான் ஓய்வுபெற்ற கிழமையே நீ வந்துவிட்டாய். டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து, கையில் வடைப் பார்சலோடு. "மச்சான், நான் இருந்த வீட்டைக் கட்டித் தருவியோ?" என்றாய். ஊர் வீடாக்கும் என்று நினைத்தேன். நீ கேட்டது இங்கிலாந்தில் நீ ஒன்பது வருடம் வேலை செய்த வீடு. ஐந்நூறு வருடத்துப் பழைய வீடு. சுற்றிவர அகழி, அகழிக்கு மேலே இரண்டு பாலம். முன்னால் இருந்த கற்பாலம் வீட்டுக்காரருக்கும் விருந்தாளிகளுக்கும். பின்னால் இருந்த மரப்பாலம் உனக்கும் பால்காரனுக்கும். வீட்டைச் சூடாக்குகிற பொயிலரைப் பார்ப்பது, விறகு சுமப்பது, புல் வெட்டுவது, சின்னத் தோணியில் போய் அகழிக்குள் விழுந்த இலைகளை அள்ளுவது உன் வேலை. அகதி வழக்கு முடியும்வரை பவானியையும் மகளையும் ஊரிலிருந்து கூப்பிட வழியில்லை. கடைசியில் பவானியின் தமையன் அவர்களைக் கனடாவுக்கு எடுப்பித்து, பவானி உன்னை ஸ்பொன்சர் செய்து, நீ அகழியைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தாய்.

உன்னிடம் ஒரு படம்கூட இல்லை. படமில்லாமல் எப்படியடா கட்டுவது என்று கேட்டதற்கு, காலால் கட்டலாம் என்றாய். எனக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் எந்த அறையில் எத்தனை எட்டு எடுத்துவைத்து நடக்கவேண்டும் என்பது உனக்கு மனப்பாடமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "பெரிய மண்டபம் இருவது எட்டு, அகலம் பதின்மூண்டு" என்று ஒப்பித்தாய். நான் என் பேஸ்மென்டில் உன்னைப் பத்துத் தரம் நடக்கவிட்டு, அளவு நாடா வைத்து அளந்து, உன் எட்டு இரண்டடி ஓர் அங்குலம் என்று கணக்கெடுத்தேன். அந்தக் கணக்கில், எழுபத்தைந்து அடிக்கு ஓர் அடி என்று, வரையத் தொடங்கினோம். செவ்வாயும் வியாழனும் நம்முடைய நாள். வேறெந்த நாளிலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை நேரில் சொல்லியிருந்தால் நீ பகிடி பண்ணியிருப்பாய்.

முன்வாசல் நிலை வைத்த நாள் ஞாபகமிருக்கிறதா? நிலை வைப்பதென்றால் நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். இது வெள்ளைக்காரன் வீடு, அவன் ஐந்நூறு வருடத்துக்கு முன்னமே நிலை வைத்துவிட்டான் என்று சொன்னால், கேட்கிற ஆளா நீ? கலண்டர்த் தாளைக் கிழித்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாய். சொன்ன நிமிடத்தில் பசை வைத்து, பெருவிரலளவு கதவு நிலையை இரண்டு பேருமாகப் பிடித்து நிறுத்தினோம். நான் அங்காலே திரும்புமுன் நீ தீக்குச்சி நுனியால் அதில் மஞ்சள் தடவிவிட்டாய். மாதிரி செய்கிற அந்த மெல்லிய பால்சா மரம் தண்ணீரைக் குடிப்பதுபோல மஞ்சளைக் குடித்துவிட்டது. உரஞ்சியும் போகவில்லை. இங்கிலாந்து பிரபுவின் கதவில் அது இன்றைக்கும் இருக்கிறது.

பிரச்சினை பின்பக்கத்தில்தான் தொடங்கியது. முன்பக்கத்து அறைகள் எல்லாம் நூல் பிடித்ததுபோல ஒன்றோடொன்று பொருந்தின. பின்கதவிலிருந்து உன் அறைக்குப் போகிற நடைபாதை மட்டும் ஒத்துவரவில்லை. நீ சொன்ன எட்டைப் பெருக்கிப் போட்டால் நடைபாதை வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு போனது. "உன்ர கணக்கில கட்டினால் உன்ர அறை அகழிக்கு நடுவில மிதக்கும்" என்றேன். அப்படியென்றால் அகழியைக் கொஞ்சம் தள்ளிவை என்றாய். மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். மூன்று தரமும் அதே எட்டுத்தான் சொன்னாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் குணம் விடவில்லை. அந்த வீட்டை இப்போது சனம் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். நூல்நிலையத்தில் சொல்லிவைத்து, எங்கேயோ இருந்து அந்த வீட்டைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுப்பித்தேன். கடைசிப் பக்கங்களில் வீட்டின் அளந்த வரைபடம் இருந்தது. பெரிய மண்டபத்தில் நீ அரை அடிகூடப் பிழைவிடவில்லை. நடைபாதை மட்டும் நீ சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாள் முழுக்க அதை வைத்து யோசித்தேன். அடுத்த நாள் பனியில் கடைச் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து வாசலுக்கு நடந்தபோதுதான் எனக்கே விளங்கியது. பாரம் சுமக்கிறவனின் எட்டுக் குறுகிவிடும். மற்ற அறைகளில் நீ வெறுங்கையோடு நடந்தாய். அந்த நடைபாதையில் நீ நடந்த நேரமெல்லாம் உன் தோளில் விறகு இருந்திருக்கிறது. அந்த வாசலிலேயே பைகளை வைத்துவிட்டு நின்றேன். எனக்கு உன்னை நினைத்து அழுகை வந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். நடைபாதை முடிகிற இடத்தில் உன் அறை இருந்தது. வரைபடத்தில் அதற்குப் பெயர் பொயிலர் அறை. நாலு பக்கமும் தடித்த கோடு, நடைபாதைப் பக்கம் ஒரு கதவு. அவ்வளவுதான். அகழிப் பக்கத்து வெளிச்சுவரில் நாலு யன்னல்கள் இருந்தன, நாலும் மேல்மாடியில். கீழே, தண்ணீருக்கு மேலே, வெறும் செங்கல்.

உன்னுடைய யன்னலைத் தெரியாதவர் யார்? உன் வீட்டில் சோறு போடுகிற நாளெல்லாம் அந்த யன்னலும் வரும். படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தால் அகழி, ஒவ்வொரு விடியற்காலையும் இரண்டு அன்னம் வந்து சொண்டால் கண்ணாடியைத் தட்டும், நீ பாண் துண்டு போடுவாய். அந்த ஒன்பது வருடமும் பவானிக்கு நீ எழுதிய கடிதமெல்லாம் அந்த யன்னலடியில் இருந்து எழுதியவை. தர்சினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் யன்னல் என்று கீறின படத்தைப் பவானி இன்னும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நீ வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றுமுன் நான் வரைபடத்தை மேசையில் விரித்தேன். விரலை வைத்து, "எங்கையடா யன்னல்?" என்று கேட்டேன். ஏதோ கள்ளனைப் பிடித்தவன் மாதிரிக் கேட்டேன். அந்தக் குரலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்த உடனேயே வரைபடத்தை மடித்திருக்கவேண்டும். மடிக்கவில்லை. இல்லாததை நான் வைக்கமாட்டேன், அது உனக்குத் தெரியும்தானே என்று இன்னொன்றும் சொன்னேன்.

நீ கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைத் திரும்பப் பூட்டிக்கொண்டு, "ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் கட்டலாமெண்டால், ஒரு யன்னலைச் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாத்தக் கூடாதோ, மச்சான்?" என்றாய். படியேறிப் போய்விட்டாய். நீ கொண்டுவந்த வடை மேசையிலேயே இருந்தது.

மூன்று கிழமை நீ வரவில்லை. நான் போன் எடுக்கவுமில்லை. ரோசம். நாலாவது செவ்வாய் வழக்கமான பஸ்ஸில் வந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கூரை ஓடுகளை ஒட்டத் தொடங்கினாய். அரிசியளவு ஓடுகள், ஒரு பக்கத்துக்கே ஆயிரத்துக்கு மேல். ஓடு ஒட்டுகிறபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அப்போதுதான் சொன்னாய். அந்த அறை கூடாத அறை இல்லை, மாரியில் வீடு முழுக்க விறைத்துக்கொண்டிருக்க அது ஒன்றுதான் சூடாக இருக்கும், வீட்டுக்காரி கிழவியே வந்து காலுறை காயவைத்துக்கொண்டு உன்னோடு கதைத்துவிட்டுப் போவாள் என்றாய். அன்னம் உண்மை, தோணியில் போகும்போது பின்னால் வரும். தட்டினது மட்டும் பொய்.

"பவானி, ஊரில எங்கட வீட்டு ஹோலுக்குள்ள காத்தாட இருந்து எழுதுறன் எண்டு எழுதுவாள்" என்றாய். "நான் பொயிலருக்குப் பக்கத்தில படுக்கிறன் எண்டு எழுதுறதே?"

நான் அடுத்த ஓட்டுக்குப் பசை தடவினேன். பிறகு, அந்தச் சுவரை என்ன செய்ய என்று கேட்டேன். நீ ஒரு ஓடு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். பசை பிடிக்கும்வரை விடவில்லை. "நீ வைக்காட்டி அவளுக்குத் தெரிஞ்சுபோம். வைச்சால் உன்ர கை பொய் சொல்லும். அதால நான் உன்னட்டைக் கேக்கேல்லை" என்றாய். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை. அந்தச் சுவரை மட்டும் ஒட்டாமல் நாலு ஊசி குத்தி நிறுத்தி வைத்தோம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம் நீ நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. அந்த ஊசிகள் நாலும் இப்போதும் அப்படியே இருக்கின்றன.

நீ கேட்டிருந்தால் எனக்குச் சுகம். மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், இரண்டு நாள் சண்டை பிடித்திருப்போம், முடிந்திருக்கும். கேட்காமல் போனவனுக்கு எப்படி மறுமொழி சொல்வது? பவானி ஞாயிற்றுக்கிழமை வந்து குனிந்து பார்க்கப்போகிறாள். நான் உண்மையைக் கட்டிவைத்தால், அவள் அத்தனை வருடமாக நெஞ்சில் வைத்திருக்கிற யன்னலை என் கையால் அடைத்தவனாவேன். யன்னலை வெட்டினால் அது இன்னொரு குளம். இரண்டு வாத்து விட்டவனுக்கு இரண்டு அன்னம் விட எவ்வளவு நேரம் செல்லும்?

டின்னை மூடிவிட்டு மேலே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.

*

ஞாயிறு பின்னேரம் எழுதுகிறேன். வீடு போய்விட்டது. மேசையில் வட்டமாக ரெசின் பட்ட தழும்பு மட்டும் இருக்கிறது.

வியாழக்கிழமை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, ஊசிகளைக் கழற்றி, சுவரைப் பலகையில் கிடத்தினேன். உன் எட்டுக் கணக்கைத் திரும்ப எடுத்தேன். கட்டிலிலிருந்து யன்னலுக்கு இரண்டு எட்டு என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய், பொய்க்கும் அளவு வைத்திருந்தாய். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கத்தியை வைத்து வெட்டினேன். கண்ணாடி வைத்து, நாலு சட்டம் போட்டு, சுவரை ஒட்டி, அன்றைக்கே ரெசினை ஊற்றிவிட்டேன். அன்னம் வைக்கவில்லை. அவ்வளவுக்கு என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

இன்றைக்குப் பவானி முதலில் தனியாகத்தான் இறங்கி வந்தாள். தர்சினி காரில் பின்சீற்றில் பாதியை மடித்துக்கொண்டு நின்றாள். பவானி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மேசையைச் சுற்றி நடந்தாள். முன்வாசலில் மஞ்சளைக் கண்டு சிரித்தாள், அது யார் வேலை என்று சொல்லத் தேவைப்படவில்லை. பின்பக்கம் வந்ததும் குனிந்தாள். மேல் யன்னல்கள் நாலையும் பார்த்துவிட்டுக் கீழே வந்தாள். கனநேரம் அதிலேயே நின்றாள்.

"அண்ணை, இது இவர் சொல்லி வைச்சதோ?" என்று கேட்டாள்.

இல்லை, நானாகத்தான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அங்க யன்னல் இருக்கேல்லை" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் ஒன்றைத் திருத்துவதுபோலத்தான் சொன்னாள். கொழும்பில் இருந்த மாமாவின் கைக்கு வந்து, அங்கிருந்து யாரும் கொண்டுவந்து கொடுத்தால்தான் உன் கடிதம் அவளுக்குக் கிடைக்குமாம். "ஒரு கடிதத்தை மூண்டு மாசம் வைச்சு வாசிச்சால், எழுதினவர் எழுதாததும் தெரியவரும் அண்ணை. மத்தியானம் இருந்து எழுதுறன் எண்டு தொடங்குவார். முடிக்கேக்கை, லைட்டை அணைச்சுப்போட்டு வேலைக்குப் போறன் எண்டு முடிப்பார். ஆடி மாசத்திலயும் அப்பிடித்தான். யன்னல் இருக்கிற அறையில மத்தியானம் என்னத்துக்கு லைட்?"

நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், மச்சான். அவள் அதைக் கண்டும், காணாததுபோலச் சாப்பிட்டிருக்கிறாள்.

அவள் முதுகை நிமிர்த்திக் கதிரையில் இருந்தாள். "நான் மட்டும் என்ன, ஹோலுக்குள்ள இருந்து எழுதுறன் எண்டு எழுதினனான்" என்றாள். "ஹோல் இருந்தது. மேல கூரை இருக்கேல்லை. நாங்கள் பின்வளவு மாட்டுக்கொட்டிலில இருந்தனாங்கள். தர்சினியைப் படுக்கவைச்சுப்போட்டு, மாட்டுக்குப் பக்கத்தில இருந்து எழுதினனான்."

இதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தீர்களே என்றும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏன் சொல்லுறது? எழுதினதை நான் நம்பினனான் எண்டு அவர் நிம்மதியா இருந்தார். எனக்கு அது போதும்."

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. ரெசின் நெடி கண்ணுக்கு ஆகாது என்று நான் எழும்பி யன்னலைத் திறக்கப் போனேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அப்போது தர்சினி போர்வையோடு படியிறங்கி வந்தாள். நாற்பது வயதுப் பெண், ஒரு அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள். வீட்டைக் கண்டதும் போர்வையைப் போட்டுவிட்டு நேரே பின்பக்கம் வந்து முழங்காலில் நின்றாள். நாலு யன்னலையும் கண்ணால்கூடத் தொடவில்லை. கீழே இருந்த ஐந்தாவதுக்கு விரலைக் கொண்டுபோய், படாமல் நிறுத்தினாள்.

"அங்கிள், இதுதானே அப்பாட யன்னல்? அன்னம் வந்து தட்டினது, த ஸ்வான் ஒன்?"

பவானி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அந்தப் பார்வையில் ஒன்றும் இருக்கவில்லை. அவளும் உன்னைப் போலத்தான், கேட்கமாட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "இதுதான். அளவெல்லாம் அப்பா காலால நடந்து சொன்னது."

மூன்று பேருமாக வீட்டைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தோம். பவானி பின்னாலேயே ஏறி, கற்பாலத்துப் பக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டு இருந்தாள். மெதுவாக ஓட்டு என்று தர்சினிக்குச் சொன்னேன். வீதி முனையில் சிக்னல் போட்டுத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பேஸ்மென்ட் இனியாவது மணக்காது என்றாள், பிறகு எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள்.

ஒன்றை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. யன்னலுக்காக வெட்டியெடுத்த சுவர்த்துண்டு. என் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், அதில் நான் கீறிய செங்கல் வரிகளை எண்ணலாம். வியாழக்கிழமை குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் கையைவிட்டுத் தேடி எடுத்தேன். இப்போது பர்சுக்குள், லைசென்ஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் நீ பார்த்துக்கொண்டு படுத்த சுவர் அதுதான், மச்சான். அவர்கள் யன்னலை வைத்திருக்கட்டும். இது என்னிடம் இருக்கட்டும்.